விளம்பர வெளிச்சமும் வசூல் மேசையும்

“தங்கள் படத்தைப் பார்த்தோம். எங்களது புதிய விளம்பரத்துக்குப் பொருத்தமான முகம். நேர்முகத் தேர்வுக்கு வர இயலுமா?” சமூக ஊடகங்களில் தங்கள் படங்களைப் பகிரும் இளைஞர்களுக்கும், குழந்தையின் பிறந்தநாள் படத்தைப் பதிவிடும் பெற்றோருக்கும் இத்தகைய குறுஞ்செய்தி வருவது இன்று வாடிக்கையாகிவிட்டது. குறித்த நாளில் விடுதி ஒன்றின் கூட்ட அரங்குக்குச் சென்றால், அங்கே ஏற்கெனவே பெருங்கூட்டம் காத்திருக்கிறது. இரண்டு நிமிட நடை, ஒரு நிமிட அறிமுகம், சில படங்கள். மாலைக்குள் ‘தேர்வாகிவிட்டீர்கள்’ என்ற தகவல் வந்துவிடுகிறது. அதன் பிறகுதான் வசூல் மேசை விரிக்கப்படுகிறது.

பதிவுக் கட்டணம், ‘போர்ட்ஃபோலியோ’ எனப்படும் படத் தொகுப்புக்கான கட்டணம், நடைப் பயிற்சி வகுப்புக்கான கட்டணம், கலைஞர் அடையாள அட்டைக்கான கட்டணம், ‘திருப்பித் தரப்படும்’ என்ற உறுதிமொழியுடன் உடைக்கான வைப்புத்தொகை என அடுத்தடுத்துப் பணம் கேட்கப்படுகிறது. சில ஆயிரங்களில் தொடங்கும் தொகை, பல நேரங்களில் லட்சத்தை நெருங்குகிறது. பணம் கைமாறிய பின்னர் படப்பிடிப்பு ‘அடுத்த மாதத்துக்கு’ தள்ளிப்போகிறது. பிறகு தொலைபேசி அழைப்புகள் ஏற்கப்படுவதில்லை. ஓராண்டு கழித்து அதே நிறுவனம் வேறொரு பெயரில், வேறொரு நகரில் தேர்வு நடத்துகிறது.

இதை ‘ஆசைக்கு விலை கொடுத்தார்கள்’ என்று ஒற்றை வரியில் கடந்துபோவது எளிது. ஆனால், விளம்பர மாடல் தொழில் கற்பனையான ஒன்றல்ல. தியாகராய நகரின் துணிக்கடைகள், நகைக் கடைகள் ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் வெளியிடும் விளம்பரங்கள், திருப்பூரின் பின்னலாடை நிறுவனங்கள் தயாரிக்கும் பட விவரப் பட்டியல்கள், இணைய விற்பனைத் தளங்களில் ஒவ்வோர் உடைக்கும் தேவைப்படும் படங்கள் என இத்தொழிலுக்கு உண்மையான சந்தை இருக்கிறது. இதில் முறையாக உழைத்து வருவாய் ஈட்டுவோரும் இருக்கிறார்கள். உண்மையான தொழில் ஒன்று இருப்பதனால்தான் அதன் நிழலில் போலிகள் பிழைக்க முடிகிறது. எனவே, ஆசைப்படுவோரைப் பழிப்பதை விடுத்து, போலிகள் பிழைக்கும் வழி எது என்று ஆராய்வதே பயனுடையது.

யாருடைய பணத்தில் நிறுவனம் நடக்கிறது?

முறையான மாடலிங் முகமை ஒன்றின் பொருளாதாரம் எளிமையானது. விளம்பரதாரர் ஒருவருக்கு முகம் தேவைப்படுகிறது. முகமை தன்னிடமுள்ளவர்களின் படங்களை அனுப்புகிறது. தேர்வு செய்யப்பட்டவருக்கான ஊதியத்தை விளம்பரதாரர் தருகிறார். அதிலிருந்து ஒரு குறிப்பிட்ட விழுக்காட்டை முகமை தனது கழிவுத்தொகையாக எடுத்துக்கொள்கிறது. அதாவது, மாடலுக்கு வேலை கிடைத்தால் மட்டுமே முகமைக்கு வருமானம். ஆகவே, தன்னால் வேலை பெற்றுத்தர முடியும் என்று நம்பும் சிலரை மட்டுமே அது சேர்த்துக்கொள்ளும். பலரை மறுக்கும். மறுப்பது அதன் தொழில் ஒழுங்கின் ஒரு பகுதி.

போலி நிறுவனத்தின் பொருளாதாரம் இதற்கு நேர் எதிரானது. அதன் வாடிக்கையாளர் விளம்பரதாரர் அல்லர். வாய்ப்புத் தேடி வருபவரே. வருபவர் அனைவரும் வருமானம் என்பதால், அங்கே எவரும் நிராகரிக்கப்படுவதில்லை. தேர்வு என்பது அங்கே தகுதியைக் கண்டறியும் முயற்சி அன்று, விற்பனையின் முதற்கட்டம். ‘நூறு பேரில் நீங்கள் மட்டுமே தேர்வானீர்கள்’ என்று நூறு பேரிடமும் தனித்தனியே சொல்லப்படுகிறது.

எனவே, மாடலிங் துறைக்குள் நுழைய விரும்பும் எவரும் கேட்க வேண்டிய முதற்கேள்வி, ‘இந்த நிறுவனம் யாருடைய பணத்தில் நடக்கிறது?’ என்பதே. அதற்கான விடை தெரிந்துவிட்டால், பளபளக்கும் அலுவலகமும் சுவரில் மாட்டிய நட்சத்திரங்களின் படங்களும் நம் முடிவைக் குழப்ப மாட்டா.

படத் தொகுப்பைப் பற்றியும் ஒரு விளக்கம் தேவை. தொழிலில் வளர்ந்த ஒருவருக்குத் தரமான படத் தொகுப்பு அவசியம் என்பது உண்மையே. ஆனால், தொடக்க நிலையில் முறையான முகமைகள் கேட்பது ஒப்பனையற்ற முகம், இயல்பான வெளிச்சம், எளிய உடையில் முன்புறமும் பக்கவாட்டிலும் எடுக்கப்பட்ட சில படங்களை மட்டுமே. கைப்பேசியிலேயே அவற்றை எடுத்துவிடலாம். பின்னர் தொகுப்பு தேவைப்பட்டாலும், எந்தப் புகைப்படக் கலைஞரிடம் எடுப்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை மாடலுக்கே உண்டு. ‘எங்களிடம்தான் எடுக்க வேண்டும், இன்றே பணம் கட்ட வேண்டும்’ என்று ஒரு முகமை வற்புறுத்தினால், அது விற்பது வாய்ப்பை அல்ல, புகைப்படத்தை.

மோசடிக்கும் சட்டத்துக்கும் இடையே

ஏமாந்தவர் காவல் நிலையத்துக்குச் சென்றால் என்ன நடக்கிறது? இங்கேதான் சிக்கலின் மையம் இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவு ஏமாற்றுதலைக் குற்றமாக்குகிறது. ஆனால், வாக்குறுதி அளித்த தருணத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். ஒப்பந்தத்தை மீறுவது மட்டுமே ஏமாற்றுதல் ஆகிவிடாது என்பதை ஹிருதய ரஞ்சன் பிரசாத் வர்மா வழக்கில் 2000-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. சாதாரண வணிகத் தகராறுகள் குற்ற வழக்குகளாக மாறிவிடக் கூடாது என்னும் நியாயமான நோக்கம் கொண்டது அந்தக் கோட்பாடு.

போலி நிறுவனங்கள் இந்த இடைவெளியை நன்கு அறிந்திருக்கின்றன. அவை கையொப்பம் பெறும் படிவத்தின் கடைசிப் பக்கத்தில், ‘வாய்ப்புக்கு நிறுவனம் உத்தரவாதம் அளிக்கவில்லை’ என்ற வரி சிறிய எழுத்தில் இருக்கும். வாய்மொழியில் சொல்லப்பட்ட வாக்குறுதி ஒன்று. தாளில் எழுதப்பட்டது வேறொன்று. கேட்டால், ‘படம் எடுத்துத் தந்துவிட்டோம், பயிற்சி அளித்துவிட்டோம், எங்கள் கடமை முடிந்தது’ என்பார்கள். தொகை சிறியது, ஆவணம் எதிராக உள்ளது, புகார்தாரர் வெளியூர்க்காரர். ‘இது உரிமையியல் தகராறு, நீதிமன்றத்துக்குச் செல்லுங்கள்’ என்று புகார் முடிந்துவிடுகிறது. ஊராருக்குத் தெரிந்தால் கேலிக்கு ஆளாவோம் என்ற கூச்சம் மீதியை முடித்துவைக்கிறது.

இத்தகைய நிலையில் பலரும் எண்ணிப்பார்க்காத ஒரு வழி, நுகர்வோர் ஆணையம். பணம் பெற்றுக்கொண்டு சேவை வழங்குவதாகச் சொன்ன எந்த நிறுவனமும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டதே. சேவைக் குறைபாடு, நேர்மையற்ற வணிக நடைமுறை ஆகிய காரணங்களைக் காட்டி இழப்பீடு கோரலாம். நிறுவனம் சென்னையிலோ மும்பையிலோ இருந்தாலும், புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. காவல் நிலையத்தில் ஏமாற்றும் எண்ணத்தை மெய்ப்பிக்க வேண்டிய சுமை, இங்கே ‘சொன்ன சேவை தரப்படவில்லை’ என்பதைக் காட்டும் அளவுக்குக் குறைகிறது. அதற்குத் தேவை சான்று. ஆகவே, பணத்தை ரொக்கமாகத் தராமல் வங்கி வழியே செலுத்துவதும், வாட்ஸ்அப் உரையாடல்களை அழிக்காமல் வைத்திருப்பதும், வாய்மொழி உறுதியை ‘நேற்று தாங்கள் கூறியபடி’ என்று எழுத்தில் திருப்பி அனுப்பி உறுதிசெய்துகொள்வதும் எளிய, வலிமையான தற்காப்புகள்.

இணையம் வழியே ஆள்மாறாட்டம் செய்து பணம் பறிக்கப்பட்டிருந்தால் நிலைமை வேறு. புகழ்பெற்ற நிறுவனங்களின் பெயரையும் முத்திரையையும் திருடி, அவற்றின் ‘தேர்வு அலுவலர்’ என்று நடிப்போர் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவின் கீழ் குற்றவாளிகள். அங்கே வேண்டியது வேகம். பணம் அனுப்பிய உடனே 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்தால், அது அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகரும் முன் முடக்க வாய்ப்புண்டு. வெட்கத்தில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் ஏமாற்றியவருக்குச் சாதகமானது.

பணத்தோடு நிற்காதபோது

பணம் போனால் ஈட்டிக்கொள்ளலாம். ஆனால், இத்துறையில் வாய்ப்பு என்ற பெயரில் கேட்கப்படுவது எப்போதும் பணம் மட்டுமன்று. 2019 ஆகஸ்டில் சென்னையைச் சேர்ந்த மென்பொருள் பொறியாளர் ஒருவரை சைபராபாத் காவல் துறையினர் கைதுசெய்தனர். நட்சத்திர விடுதியின் வரவேற்பாளர் பணிக்கு ஆள் எடுப்பதாகக் கூறி, ‘உடலமைப்பு மதிப்பீடு’ என்ற பெயரில் பெண்களின் அந்தரங்கப் படங்களைப் பெற்றார் என்பது குற்றச்சாட்டு. 16 மாநிலங்களைச் சேர்ந்த சுமார் 600 பெண்கள் இவ்வாறு ஏமாற்றப்பட்டதாகக் காவல் துறை தெரிவித்தது. இத்தனை பேர் அறிவிலிகள் அல்லர். வேலை தேடும் ஒருவர், வேலை தருபவரின் கேள்விகளுக்குக் கட்டுப்பட்டுப் பழகியவர். அந்தப் பழக்கத்தையே அந்த மனிதர் ஆயுதமாக்கிக்கொண்டார்.

மாடலிங்கில் உடலின் தோற்றமும் அளவும் தொழிலின் ஒரு பகுதி என்பதால் இந்த ஆபத்து பன்மடங்காகிறது. எது தொழில்முறைக் கேள்வி, எது அத்துமீறல் என்ற எல்லைக்கோடு புதிதாக வருபவருக்குத் தெரிவதில்லை. உயரம், உடை அளவு கேட்பது இயல்பு. காணொளி அழைப்பில் உடையைக் களையச் சொல்வதும், உள்ளாடைப் படங்களைத் தனிப்பட்ட எண்ணுக்கு அனுப்பச் சொல்வதும், இரவில் தனியறைக்கு அழைப்பதும் எந்த நாட்டிலும் தேர்வு நடைமுறை அல்ல. வேலை தருவதாகப் பொய் வாக்குறுதி அளித்து உடலுறவு கொள்வதைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 69-ஆவது பிரிவு பத்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. ‘நீயும் சம்மதித்தாய்தானே’ என்ற மிரட்டலுக்கு அஞ்சி வாய்மூடியிருப்போர் அறிய வேண்டிய சட்டம் இது.

அந்தரங்கப் படங்களை வைத்து மிரட்டுவது தனிக் குற்றம். மிரட்டலுக்குப் பணிந்து பணம் தருவதால் மிரட்டல் நின்றதாக வரலாறு இல்லை. அத்தகைய படங்கள் வெளியானால், புகார் பெற்றவுடன் குறுகிய காலக்கெடுவுக்குள் அவற்றை நீக்கும் கடமை 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி சமூக ஊடக நிறுவனங்களுக்கு உண்டு.

இந்தச் சுரண்டலைத் தனிமனிதர்களின் ஒழுக்கக்கேடு என்று மட்டும் பார்ப்பதும் பிழை. மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராய 2017-இல் அமைக்கப்பட்ட நீதிபதி ஹேமா குழு 2019 டிசம்பரில் அறிக்கை அளித்தது. 2024 ஆகஸ்டில்தான் அது வெளியிடப்பட்டது. எழுத்துபூர்வமான ஒப்பந்தங்கள் இல்லாமை, வாய்ப்புக்காகப் பாலியல் இணக்கம் கோரப்படுவது, குறைகளைச் சொல்ல இடமில்லாமை ஆகியவை ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதை அந்த அறிக்கை காட்டியது. படிப்பறிவிலும் பெண் கல்வியிலும் முன்னணியில் உள்ள மாநிலத்தில், பலரும் அறிந்த முகங்கள் பணியாற்றும் துறையிலேயே நிலைமை அதுவென்றால், பெயரற்ற புதுமுகங்கள் நுழையும் விளம்பர மாடலிங் துறையின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

குழந்தைகளை முன்னிறுத்தும் வணிகம்

பெற்றோரின் பெருமிதத்தைக் குறிவைக்கும் ‘குழந்தை மாடல்’ தேர்வுகள் தனியே கவனிக்கத்தக்கவை. தனக்காகச் செலவிடத் தயங்கும் தந்தையும் தாயும் குழந்தைக்கென்றால் கடன் வாங்கவும் துணிவர். ஆனால், 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை விளம்பரங்களில் நடிக்கவைப்பதற்குத் தெளிவான விதிகள் உள்ளன. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டு திருத்த விதிகளின்படி, தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி பெற வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேலோ, ஓய்வின்றி மூன்று மணி நேரத்துக்கு மேலோ குழந்தையைப் பணியில் ஈடுபடுத்தக் கூடாது. கிடைக்கும் வருவாயில் குறைந்தது 20 விழுக்காட்டைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தையின் பெயரில் நிரந்தர வைப்பாகச் செலுத்த வேண்டும்.

இந்த விதிகள் பெற்றோருக்கு ஓர் உரைகல்லாகவும் பயன்படும். ‘ஆட்சியர் அனுமதி யார் பெயரில் பெறப்படும்? வைப்புத்தொகை எந்த வங்கியில் செலுத்தப்படும்?’ என்று கேட்டுப் பாருங்கள். உண்மையாகவே படம் எடுப்பவருக்கு விடை தெரிந்திருக்கும். பணம் வசூலிக்க மட்டுமே வந்தவர் பேச்சை மாற்றுவார்.

பிற நாடுகள் கற்ற பாடம்

இந்தச் சிக்கல் நமக்கு மட்டுமே உரியதன்று. பிரிட்டனில் முன்கட்டணம் செலுத்தியவர் மனம் மாறினால் விலகிக்கொள்ளச் சில நாள் அவகாசம் தரும் ஏற்பாடு முதலில் முயன்று பார்க்கப்பட்டது. அது போதவில்லை. 2010 அக்டோபர் முதல், புகைப்பட மாடல்களிடமும் ஆடை அலங்கார மாடல்களிடமும் முகமைகள் முன்கட்டணம் பெறுவதே தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு ஜனவரியில் அமலுக்கு வந்த கலிஃபோர்னியாவின் கிரெகோரியன் சட்டம், வாய்ப்புப் பெற்றுத்தர முன்பணம் வாங்குவதைத் தடுத்தது. பயிற்சி மட்டும் அளிக்கும் நிறுவனங்களும் 50,000 டாலர் பிணைத்தொகை காட்ட வேண்டும் என்றது.

2025 ஜூனில் நியூயார்க்கில் நடைமுறைக்கு வந்த ஆடை அலங்காரத் தொழிலாளர் சட்டம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. மாடலிங் முகமைகள் தொழிலாளர் துறையில் பதிவுசெய்ய வேண்டும்; சேர்க்கைக் கட்டணமோ வைப்புத்தொகையோ வாங்கக் கூடாது; கழிவுத்தொகை 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது; மாடலின் உருவத்தைச் செயற்கை நுண்ணறிவால் நகலெடுப்பதற்கு எழுத்துபூர்வமான தனி ஒப்புதல் பெற வேண்டும். இறுதி அம்சம் நமக்கு மிக முக்கியமானது. ‘தேர்வுக்காக’ அனுப்பப்படும் படங்கள் நாளை எந்த வடிவில் எங்கே தோன்றும் என்று எவராலும் சொல்ல முடியாத காலம் இது.

இந்தியாவில் மாடலிங் முகமைகளுக்கென்று தனி உரிமம் கோரும் மத்தியச் சட்டம் ஏதும் இல்லை. எவரும் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, ஜிஎஸ்டி எண் பெற்று, ‘அரசுப் பதிவு பெற்ற நிறுவனம்’ என்று விளம்பரம் செய்துகொள்ளலாம். வரிப் பதிவோ, நிறுவனப் பதிவோ நம்பகத்தன்மைக்கு அரசு தரும் நற்சான்று அல்ல என்பது மக்களிடம் போதிய அளவில் சென்றடையவில்லை. தொழிலாளரிடமிருந்து தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் கட்டணம் பெறக் கூடாது என்னும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை.

செய்ய வேண்டியவை

புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தவறான விளம்பரங்களைத் தாமாகவே முன்வந்து விசாரித்து அபராதம் விதிக்கும் அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு உண்டு. பயிற்சி மையங்களின் பொய்யான தேர்ச்சி வாக்குறுதிகளைத் தடுக்க அந்த ஆணையம் 2024 நவம்பரில் தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதே அளவுகோலை நடிப்பு, மாடலிங் பயிற்சி நிறுவனங்களுக்கும் நீட்டிப்பதில் தடையேதும் இருக்க முடியாது. வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்லும் நிறுவனமே படத் தொகுப்பையும் பயிற்சியையும் விற்பதைத் தடைசெய்தால், மோசடியின் ஆணிவேர் அறுபடும்.

மாநில அரசு, தேர்வு நிகழ்ச்சி நடத்துவோர் பற்றிய விவரங்களை விடுதிகளும் அரங்குகளும் பதிவுசெய்து வைப்பதைக் கட்டாயமாக்கலாம். ஒரே நிறுவனத்தின் மீது வெவ்வேறு மாவட்டங்களில் வரும் சிறு புகார்களை ஒருங்கிணைத்துப் பார்க்கக் காவல் துறைக்கு அறிவுறுத்தலாம். தனித்தனியே பார்த்தால் உரிமையியல் தகராறாகத் தோன்றும் நூறு புகார்கள், சேர்த்து வைத்துப் பார்த்தால் தொடக்கம் முதலே இருந்த ஏமாற்றும் எண்ணத்துக்குச் சான்றாகிவிடும். விளம்பரதாரர்களுக்கும் பொறுப்பு உண்டு. தங்கள் பெயரில் ஆள் எடுக்கும் முகமைகள் எவை என்பதை இணையதளத்தில் வெளியிட்டாலே, பாதிப் போலிகள் அடையாளம் காணப்பட்டுவிடும்.

இளைஞர்களுக்கும் பெற்றோருக்கும் சில எளிய விதிகள் போதும். வாய்ப்புக்கு முன்பணம் கேட்டால் விலகுங்கள். அழைத்தவர் கூறும் விளம்பர நிறுவனத்தின் அதிகாரபூர்வத் தொலைபேசி எண்ணை நீங்களாகத் தேடி, அங்கே விசாரியுங்கள். முகமை வழியே ஏற்கெனவே வேலை பெற்றவர்களிடம் நேரில் பேசுங்கள். ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்க அனுமதி கேளுங்கள். ‘இன்றே கையொப்பம்’ என்பவரிடம் கையொப்பமிடாதீர்கள். எத்தனை ஆண்டுகளுக்கு, எந்தெந்த ஊடகங்களில் உங்கள் படம் பயன்படுத்தப்படும், ஊதியம் எத்தனை நாள்களில் வரும், விலக நினைத்தால் வழி என்ன என்பவை எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். தேர்வுக்குத் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். துணைக்கு வருபவரைத் தடுக்கும் இடம் உங்களுக்கான இடமன்று.

வீடுகளும் ஒன்றைச் செய்ய வேண்டும். ‘இந்தத் தொழிலே வேண்டாம்’ என்று தடுக்கப்படும் பிள்ளைகள், மறைவாகத் தேர்வுக்குச் செல்கிறார்கள். ஏமாந்தாலும் மறைவாகவே அழுகிறார்கள். ஏமாற்றுவோர் எதிர்பார்ப்பது இந்த மௌனத்தைத்தான். ‘என்ன நடந்தாலும் எங்களிடம் சொல்லலாம்’ என்ற நம்பிக்கையைத் தரும் வீட்டின் பிள்ளையை மிரட்டுவது கடினம்.

கனவு காண்பது குற்றமன்று. உழைப்புக்கு ஊதியம் தருவதே தொழில். உழைக்க வருபவரிடமே ஊதியம் கேட்பது தொழிலாகாது. இந்த எளிய உண்மையைச் சட்டமாக்கும் பொறுப்பு அரசுக்கும், அதுவரை நினைவில் வைத்துக்கொள்ளும் பொறுப்பு நமக்கும் உண்டு.